சும்பர்வாரு உலைக்கு ஒப்புதல்

சும்பர்வாரு
6 மார்ச் 2022

ஹப்சாரிக்கு அண்ணி எழுதறது.

நீ சொன்னபடி போன்ல எதுவும் கேக்காம தாள்ல எழுதறேன். ஆறாங்கிளாஸோட நின்னவ எழுத்து, அப்படித்தான் இருக்கும், சிரிக்காதே. நிதி ஆபீஸ்ல இருக்கறவ விண்ணப்பம் போட்ட ஊர்க்காரங்ககிட்ட பேசினா வம்பாயிடும்னு பயப்படறே. சரி. எனக்குக் கேக்கறதுக்கு ஒரே விஷயம்தான்.

குப்பை மேட்டுல பொறுக்கித் தரம் பிரிக்கற எங்க சங்கத்துல இப்ப முப்பத்தோரு பொம்பளைங்க. நாங்க அரசாங்கத்துக்கிட்ட கேட்டது ரெண்டே சாமான். மழைக்கு ஒரு கூரை. பிளாஸ்டிக்கை அமுக்கிக் கட்ட ஒரு மெஷின். கட்டு கட்டி வச்சா லாரிக்காரன் சொல்ற வெலைக்குத் தலையாட்ட வேணாம், நேரா சுராபயா ஃபாக்டரிக்கே அனுப்பிடலாம். இதைத்தான் எழுதிக் கொடுத்தோம். போன வாரம் ஊர்த்தலைவர் விர்யோ கூப்பிட்டு விண்ணப்பத்தைப் படிச்சுக் காட்டறாரு. கூரையும் இல்ல, மெஷினும் இல்ல. பிளாஸ்டிக்கை வேகவச்சு எண்ணெய் எடுக்கற உலையாம்.

"என்ன தலைவரே, நாங்க கேட்டது இது இல்லியே"ன்னேன்.

"லஸ்த்ரி, கூரைக்கெல்லாம் ஜகார்த்தாவுல தர மாட்டாங்க. கூரை பழசு. உலைதான் புதுசு. புதுசுக்குத்தான் மார்க்கு."

"அந்த எண்ணெயில தெம்பே பொரிக்கலாமா தலைவரே?"ன்னு சுமினி பின்னாலேருந்து கேட்டா. சுமினிதான் என் ஜோடி, பதினேழு வருஷமா மேட்டுல ஒண்ணாப் பொறுக்கறோம். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சுக்கிட்டே முத்திரையை எடுத்துக் குத்திட்டாரு.

உங்கண்ணன் அவங்க பக்கம் சேந்துட்டாரு. இருபத்திரண்டு வருஷம் குப்பை லாரில ஏத்தி எறக்கி முதுகு போச்சு, உனக்கே தெரியும். உலை வந்தா ஓட்டற வேலை அவருக்குன்னு தலைவர் வாக்குக் கொடுத்திருக்காரு. மாசச் சம்பளம். பேர் தச்ச சட்டை. "நாப்பத்தெட்டு வயசுல தர்சோனோன்னு நெஞ்சுல எழுதி நடக்கப் போறேன் பாரு"ங்கறாரு. அவ்வளவு சந்தோஷத்துல இருக்கறவர்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல?

விண்ணப்பம் உன் மேசைக்குத்தான் வரும்னு சொல்றாரு. வந்தா நல்லாப் பாரு. இது எங்களுக்கு ஆகுமா ஆகாதான்னு உள்ளபடி எழுது. ஆகாதுன்னா ஆகாதுன்னே எழுது. உங்கண்ணனை நான் சமாளிச்சுக்கறேன்.

லஸ்த்ரி


ஜகார்த்தா
21 மார்ச் 2022

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகக் கழிப்பறையில் நின்றபடி படித்தேன். இனி வீட்டு முகவரிக்கு எழுதுங்கள், உறையின் பின்புறம் இருக்கிறது.

விண்ணப்பம் என் மேசைக்கு வந்துவிட்டது. உங்கள் கூரையை நான் தேடினேன், அண்ணி. இருந்திருந்தாலும் மதிப்பெண் போட எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. 'ஆண்டுக்கு எத்தனை டன் கழிவு குறையும்' என்று ஒரு கட்டம், 'புதுமை' என்று ஒரு கட்டம். இந்த நிதிக்குச் சுழற்சிப் பொருளாதார நிதி என்று பெயர். ஒரு பொருள் குப்பையாகிப் போகாமல் திரும்பத் திரும்பப் பயன்பட வேண்டுமாம். நீங்களும் சுமினி அக்காவும் பதினேழு வருடமாகச் செய்வது அதுதான். ஆனால் அதில் புதுமை இல்லை.

உலையின் வரைபடத்தைப் பார்த்தேன். என் கண்ணுக்குக் குறை தெரியவில்லை. அழுத்தம் ஏறினால் தானாகத் திறந்துகொள்ளும் வால்வு இருக்கிறது, புகைபோக்கி இருக்கிறது. நான் பொறியாளர் இல்லை. இங்கே பொறியாளர்கள் இரண்டே பேர், விண்ணப்பங்கள் நானூறுக்கு மேல்.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பித்த ஊரில் நமக்கு உறவினர் இருந்தால் எழுதித் தர வேண்டும் என்று ஒரு படிவம் உண்டு. எழுதினால் கோப்பு வேறொருவர் கைக்குப் போய்விடும். நம் ஊரில் யார் பெயருக்குப் பின்னாலும் குடும்பப் பெயர் ஒட்டுவதில்லை. தர்சோனோ என் அண்ணன் என்று இங்கே யாருக்கும் தெரியாது. 'உறவினர் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அண்ணன் இதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. என் கல்லூரிக் காலத்துச் சோறும் துணியும் அவன் முதுகில்தான் வந்தன. அன்றைக்குத் தொலைபேசியில் அவன் குரலைக் கேட்டபோது, வேறு யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு உற்சாகம்.

சும்பர்வாரு தேர்வாகிவிட்டது. நோன்புப் பெருநாளுக்கு வருகிறேன்.

ஹப்சாரி


சும்பர்வாரு
24 ஜூலை 2022

ஹப்சாரி,

பெருநாளுக்கு வரேன்னே, வரல. சரி, வேலை.

உலை மே மாசமே வந்துடுச்சு. திறப்பு விழாவும் முடிஞ்சுது. பந்தல் போட்டாங்க, பேண்டு வாசிச்சாங்க, எங்க முப்பத்தோரு பேருக்கும் பச்சைத் தலைத்துணி கொடுத்தாங்க. மேட்டுல கிளறுற கொக்கியையும் கூடையையும் ஒளிச்சு வைக்கச் சொன்னாங்க, படத்துல விழக் கூடாதாம். ஜகார்த்தாவுலேருந்து வந்த பெரிய மனுஷன் சுமினிகிட்ட போய், "என்னம்மா, இப்ப சந்தோஷமா?"ன்னு கேட்டாரு. "சோறு போடுங்க ஐயா, தின்னுட்டுச் சொல்றேன்"னா. காலைலேருந்து நிக்க வச்சிருந்தாங்க, அவளும் என்ன செய்வா.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த உலை ஒரு நாளைக்கு ரெண்டு டன் காஞ்ச பிளாஸ்டிக் தின்னுது. நாங்க எல்லாரும் சேந்து பொறுக்கினாலும் அறுநூறு கிலோ தாண்டாது. வித்தா நல்ல வெலைக்குப் போற பாட்டிலையும் சேத்து உள்ள தள்றாங்க. அப்பவும் பத்தல. அதனால காகித மில்லுக்கு வர வெளிநாட்டுக் கழிவுத்தாளோட கலந்திருக்கற பிளாஸ்டிக்கை லாரி லாரியா வாங்கி எறக்கறாங்க. எந்த நாட்டுக் குப்பையோ, பையில போட்டிருக்கற எழுத்தே நமக்குப் படிக்கத் தெரியல. நம்ம மேடு ஒரு அடி கூடக் குறையல. பக்கத்துல புதுசா ஒரு மேடு எழும்புது. குப்பையைக் குறைக்க வந்த உலைக்குத் தீனி போட வெளியூர்க் குப்பையை வாங்கற ஊரு நம்ம ஊராத்தான் இருக்கும்.

அதைக் கூட விடு. குழாய் உள்ள மெழுகு மாதிரி ஒண்ணு உறைஞ்சு அடைச்சுக்குது. அடைச்சா மூடி தடதடன்னு ஆடுது. நான் சாப்பாடு கொண்டு போனப்ப என் கண்ணால பாத்தேன். வரைபடம் ஷெட்டுச் சுவத்துலயே ஒட்டியிருக்கு. அதுல மூடிக்கு மேல சிவப்பு வட்டம் போட்டு வால்வுன்னு எழுதியிருக்கு. உலைல அந்த எடத்துல ஒரு போல்ட்டை முடுக்கி அடைச்சு வச்சிருக்காங்க.

"வால்வு எங்க?"ன்னு உங்கண்ணனைக் கேட்டேன்.

"ரெண்டாவது தவணைப் பணம் வந்ததும் மாட்டுவாங்களாம்."

"ரெண்டாவது தவணை எப்ப வரும்?"

"எல்லாம் மாட்டியாச்சுன்னு ஜகார்த்தாவுல ஒப்புதல் கொடுத்தா வரும்."

"மாட்டினாத்தான் பணம், பணம் வந்தாத்தான் மாட்டுவாங்களா? இது யாரு கண்டுபிடிச்ச கணக்கு?"

"உனக்கு எல்லாத்துலயும் நொட்டைதான்"னு சட்டையை உதறிப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாரு. அந்தச் சட்டையை தினம் துவைக்கச் சொல்றாரு. துவைக்கறேன். புகை நாத்தம் போக மாட்டேங்குது.

நீ வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போ ஹப்சாரி. அண்ணன் வீட்டுக்கு வர மாதிரி வா. ஆபீஸ் விஷயமா வர வேணாம்.

லஸ்த்ரி


ஜகார்த்தா
15 ஆகஸ்ட் 2022

அண்ணிக்கு,

இந்த வருடம் நேரில் போய்ச் சோதிப்பதற்கான பயணச் செலவை நிறுத்திவிட்டார்கள். எல்லா ஊர்களையும் புகைப்படம் வைத்தே சரிபார்க்கிறோம். வால்வு பொருத்திய படத்தைத் தலைவர் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் பார்க்கிறேன்.

அதுவரை உலையைக் குறைவாக ஓட்டச் சொல்லுங்கள். முடிந்தால் நிறுத்தியே வைக்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அண்ணன் இரண்டு முறை அழைத்தான். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லையாமே, நீங்கள் எழுதவில்லையே. இந்த மாதம் இங்கே வேலை மிக அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

ஹப்சாரி


சும்பர்வாரு
20 செப்டம்பர் 2022

ஹப்சாரி,

அடக்கத்துக்கு வந்தே. ஏழு நாள் ஓதலும் இருந்தே. அரிசி களைஞ்சே, பாத்திரம் கழுவினே, என் பக்கத்துலயே படுத்துக்கிட்டே. ஏழு நாளும் நீ என் முகத்தைப் பாக்கல. அண்ணன் போன துக்கம்னு நெனச்சுக்கிட்டேன்.

நேத்து போலீஸ் என்னைத் தலைவர் ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. மேசையில கோப்பு விரிச்சுக் கெடந்துது. "பாதுகாப்பு வால்வு பொருத்தப்பட்டுள்ளது. இரண்டாம் தவணைக்கு ஒப்புதல்." கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே உன் பேரு. தேதி ஆகஸ்ட் 29. எட்டாவது நாள் மூடி பேந்துச்சு.

நீ ஏழு நாள்ல ஒரு தடவை கூடக் கேக்கல, நானும் சொல்லல. இப்பக் கேட்டுக்கோ. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. நான் மேட்டுல இருந்தேன். லாரி டயர் வெடிச்சுதுன்னு நெனச்சு சுமினி ஏதோ கேலி பேசினா. அப்பறம் ஷெட்டுக் கூரைத் தகரம் பறந்து வந்து சேத்துல விழுந்துச்சு. நான் ஓடினேன். அவர் வெளியில நடந்து வந்துக்கிட்டிருந்தாரு. நடந்துதான் வந்தாரு. உருகின பிளாஸ்டிக் சட்டையோட ஒட்டி, சட்டை தோலோட ஒட்டியிருந்துச்சு. என்னைப் பாத்து, "தொடாதே, உனக்கும் ஒட்டிக்கும்"னாரு. ஆஸ்பத்திரில நாலு நாள். சட்டையைப் பிரிக்கவே மொத நாள் பூரா ஆச்சு. சனிக்கிழமை மத்தியானம் தண்ணி கேட்டாரு, கொண்டு வரதுக்குள்ள போயிட்டாரு.

இல்லாத வால்வை இருக்குன்னு எழுதினவ நீ. இல்லைன்னு நான் கடுதாசி போட்டது ஜூலை மாசம். உன் வீட்டுல எங்கேயோ கெடக்கும், தேடிப் பாரு.

நாப்பதாம் நாளுக்கு வராதே. போன் நம்பரை மாத்திட்டேன்.

லஸ்த்ரி


ஜகார்த்தா
29 செப்டம்பர் 2022

அண்ணி,

பிரிக்காமல் கிழித்துப் போட்டுவிடுவீர்களோ என்ற பயத்தோடு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 26ஆம் தேதி படம் வந்தது. பளபளப்பான புது வால்வு, பின்னால் வெள்ளை டைல்ஸ் பதித்த சுவர். திறப்பு விழாக் காணொளியை அதற்கு முன்பே நான் பல தடவை பார்த்திருக்கிறேன், நீங்கள் பச்சைத் துணியோடு நிற்பதற்காக. நம் ஷெட்டில் டைல்ஸ் கிடையாது. மூன்று பக்கமும் தகரம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடிவிட்டேன். மறுபடி திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன்.

அது சும்பர்வாரு இல்லை என்று எனக்குத் தெரியும். யாரும் என்னை ஏமாற்றவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணனை அழைத்துக் கேட்டேன். இதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று பல நாளாக யோசித்தேன். மறைத்தால் இன்னொரு பொய்யாகிவிடும்.

"அண்ணா, இது நம்ம ஷெட்டா?"

"நம்மதுன்னு வச்சுக்கோயேன்" என்றான்.

"அண்ணா, எனக்கு உண்மை வேணும்."

"உண்மை என்னன்னா, மூணு மாசமா வீட்டுக்கு ஒரு காசு கொண்டு போகல. உங்கண்ணி பொறுக்கறதுலதான் திங்கறேன். கம்பெனிக்காரன் பணம் வந்த மறுநாளே மாட்டித் தரேன்னு சொல்லியிருக்கான். பத்து நாள் நான் பாத்து ஓட்டிக்க மாட்டேனா? கையெழுத்துப் போடுடா தங்கச்சி."

திங்கட்கிழமை போட்டேன். எட்டு நாளில் முடிந்துவிட்டது.

அவன் மேல் பழி போட இதை எழுதவில்லை. அவன் கேட்பான், அது அவன் நிலைமை. மறுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். சேமிப்பில் இருப்பதை அனுப்புகிறேன். அல்லது வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து உங்களோடு இருக்கிறேன்.

ஹப்சாரி


சும்பர்வாரு
4 அக்டோபர் 2022

கடுதாசி வந்துச்சு. படிச்சேன். இப்ப எழுத முடியாது. பணம் அனுப்பாதே.


சும்பர்வாரு
9 அக்டோபர் 2022

ஹப்சாரி,

அஞ்சு நாளா உன்னைத் திட்டறதா, அவரைத் திட்டறதான்னே தெரியாம நடமாடிக்கிட்டிருந்தேன். எனக்கு எல்லாத்துலயும் நொட்டைன்னு சொல்லிட்டு, உன்கிட்ட போய்க் கெஞ்சியிருக்காரு. உயிரோட இருந்தா தட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். மண்ணுக்குள்ள இருக்கற மனுஷன்கிட்ட என்ன சண்டை போட?

இங்க நடக்கறதைக் கேளு. விசாரணை அறிக்கைன்னு ஒண்ணு வந்திருக்கு. "பணியாளர் உலை அருகே புகைபிடித்ததாலும், கவனக்குறைவாக மூடியைத் திறந்ததாலும் விபத்து." இவ்வளவுதான். வால்வைப் பத்தி ஒரு வரி இல்ல. உங்கண்ணன் சிகரெட்டைத் தொட்டு ஒம்பது வருஷமாச்சு. மூடியை அவர் திறக்கல, அதுவா பேந்துச்சு. அதைச் சொல்லப் போனா, "நீ அங்க இருந்தியா?"ன்னு கேக்கறாங்க. கவனக்குறைவுன்னு எழுதிட்டதால நஷ்டஈடும் கெடையாது. காசு கெடக்கட்டும். தெருவுல போறவன் வரவனெல்லாம் "சிகரெட்டால செத்தவன் பொண்டாட்டி"ங்கறான்.

நேத்து சுமினியும் இன்னும் ஆறு பேரும் வீட்டுக்கு வந்தாங்க. டீ போட்டுக் கொடுத்தேன். யாரும் குடிக்கல.

"அக்கா, நீ மேல புகார் எழுதப் போறதா தலைவர் சொல்றாரு"ன்னா சுமினி.

"எழுதினா என்ன?"

"திட்டத்துல தப்புன்னு ஆச்சுன்னா கொடுத்ததையெல்லாம் திருப்பிக் கேப்பாங்களாம். உலையோட சேத்துக் கட்டின, நாம தரம் பிரிக்கற ஷெட்டுக்கும் பூட்டாம். மழைக்காலம் வருது. என் வீட்டுல அஞ்சு வயிறு."

"அவரு சிகரெட்டுக் குடிச்சுச் செத்தாருன்னு எழுதியிருக்காங்க சுமினி. நீ நம்பறியா?"

"நம்பல. ஆனா செத்தவருக்குப் பசிக்காதுக்கா."

பதினேழு வருஷ ஜோடி. அவ சொன்னது தப்புன்னும் என்னால சொல்ல முடியல. வாசல் வரைக்கும் போய் அனுப்பிட்டு வந்தேன்.

நீ என்ன செய்யணும்னு கேட்டே. இங்க வந்து என் கூட இருக்க வேணாம். எனக்கு எழுதினதை, யாருக்கு எழுதணுமோ அவங்களுக்கு எழுது. டைல்ஸ் சுவரு, டிக் போட்ட கட்டம், எல்லாம். உங்கண்ணன் போன்ல கேட்டதையும் விடாதே. அவருக்கு அது அசிங்கம்தான். எனக்கும்தான். ஆனா பாதியை எழுதி மீதியை முழுங்கித்தான் இந்த கதிக்கு வந்தோம்.

எழுதினா உன் வேலை போகும். ஜெயிலுக்குக் கூடப் போவே. தெரிஞ்சேதான் சொல்றேன். மாட்டேன்னா பதில் போட வேணாம், நான் புரிஞ்சுக்கறேன்.

லஸ்த்ரி


ஜகார்த்தா
30 நவம்பர் 2022

அண்ணிக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினொரு பக்கம். உங்கள் ஜூலைக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தேன், உங்களைக் கேட்காமல். அது இல்லாவிட்டால் எனக்கு முன்கூட்டியே தெரியும் என்பதற்கு ஆதாரமில்லை.

முதலில் என் மேலதிகாரி ஜட்மிகோவிடம்தான் கொண்டுபோனேன். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மூடி வைத்தார்.

"ஹப்சாரி, நான் இதை வாங்கினதா வச்சுக்கறேன். நீங்க கொடுத்ததா வச்சுக்காதீங்க."

"புரியல சார்."

"நானூறு ஊருக்குப் படம் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கோம். ஒண்ணைத் தோண்டினா மத்ததையும் தோண்டுவாங்க. நீங்க மட்டும் முழுகல, எல்லாரையும் இழுத்துக்கிட்டுப் போறீங்க."

அவர் கெட்டவர் இல்லை, அண்ணி. என் அண்ணனுக்காக என் முன்னால் அழுதவர். அவர் மேசையிலிருந்து பக்கங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு நேரே புகார்ப் பிரிவுக்குப் போய் முத்திரை வாங்கினேன். மறுநாள் பணிநீக்க ஆணை வந்தது. அதற்கடுத்த வாரம் வீட்டைச் சோதித்தார்கள்.

விசாரணையில் ஒரு பெண் அதிகாரி கேட்டார்: "உறவினர் இல்லைன்னு டிக் போடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல."

"அண்ணன் சொன்னாரா?"

"அவனுக்கு அப்படி ஒரு படிவம் இருக்கறதே தெரியாது."

அவர் எழுதிக்கொண்டார். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வழக்கு சுராபயாவில் நடக்கும். தலைவர் விர்யோவும் நானும் குற்றம் சாட்டப்பட்டவர்கள். உலை விற்ற கம்பெனியின் ஆள் சாட்சி மட்டும்தான். அவர்கள் கம்பெனியின் பெயரையே மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

நாற்பதாம் நாளன்று நான் தங்கியிருக்கும் அறையிலேயே உட்கார்ந்து ஓதினேன். நீங்கள் வராதே என்றதால் வரவில்லை.

ஹப்சாரி


சும்பர்வாரு
16 ஜூலை 2023

ஹப்சாரி,

பெண்கள் சிறைக்குக் கடுதாசி போட்டா பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் கொடுப்பாங்களாம். படிக்கட்டும். இதுல மறைக்க ஒண்ணுமில்ல.

உனக்கு ஒரு வருஷம் நாலு மாசம், தலைவருக்கு எட்டு மாசம்னு தீர்ப்பு சொன்ன அன்னைக்கு நானும் கோர்ட்டுல இருந்தேன். கடைசி வரிசை. நீ திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன்னு நெனக்கறேன்.

திருத்தின அறிக்கை போன மாசம் என் கைக்கு வந்துச்சு. சிகரெட்டு, கவனக்குறைவு ரெண்டையும் அடிச்சிட்டாங்க. அதுக்குப் பதிலா, "வால்வு இல்லை என்பதை அறிந்தே பணியாளர் உலையை இயக்கியுள்ளார்"னு போட்டிருக்காங்க. அதனால நஷ்டஈடு இப்பவும் கெடையாது. உண்மையைத்தான் எழுதியிருக்காங்க. நான்தானே எழுதச் சொன்னேன்.

ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டாங்க. சுமினி சொன்ன மாதிரியே. மழைக்காலம் பூரா எல்லாரும் மேட்டுலயே நனைஞ்சுக்கிட்டுத் தரம் பிரிச்சோம். ஒருத்திக்கு நிமோனியா வந்துச்சு, பொழச்சுக்கிட்டா. என் வாசல்ல யாரோ ரெண்டு தடவை அழுகின குப்பையைக் கொட்டிட்டுப் போனாங்க. யாருன்னு எனக்குத் தெரியும். அள்ளிப் போட்டுட்டேன். அவங்க கோபத்துக்கு வேற யாரு வாசல் இருக்கு?

இந்த வருஷத்து நிதிக்கு மறுபடி விண்ணப்பம் கேட்டிருக்காங்க. புதுத் தலைவரு, புதுப் பேரு வச்ச கம்பெனி, அதே ஆளு. உலையைத்தான் 'இரண்டாம் தலைமுறை'ன்னு எழுதியிருக்கான். சங்கத் தலைவிங்கற மொறையில என் கையெழுத்து வேணும்னு கூட்டம் போட்டாங்க.

"வால்வு எங்கன்னு மொதல்ல காட்டுங்க"ன்னேன்.

"அதெல்லாம் வரும் அம்மா"ன்னான்.

போட மாட்டேன்னுட்டேன். அங்கேயே கை தூக்கச் சொல்லி என்னை எறக்கிட்டாங்க. இருபத்தாறு கை. சுமினி தலைவியாயிட்டா, கையெழுத்தும் போட்டுட்டா. அவ கை தூக்கறப்ப என்னைப் பாத்துக்கிட்டேதான் தூக்கினா. ஷெட்டுப் பூட்டைத் திறக்கறதா சொல்லியிருக்காங்க, அவளுக்கு வேற வழியில்ல. நான் இப்ப மேட்டுக்குத் தனியாத்தான் போறேன்.

முந்தாநாள் சுமினியோட மருமகன் வீட்டுக்கு வந்தான். முப்பது வயசு, ஒரு பொம்பளைப் புள்ள. புது உலைக்கு அவன்தான் ஆளு. வாசல்லயே நின்னுக்கிட்டு, "பெரியம்மா, குழாய் அடைச்சா பெரியப்பா எப்படித் தெரிஞ்சுக்குவாரு?"ன்னான். மாமியாருக்குத் தெரியாம வந்திருக்கான்.

"போகாதடா"ன்னேன்.

"போகாம என்ன பெரியம்மா பண்றது?"

உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் சொன்னேன். மெழுகு நாத்தம் எப்படி இருக்கும், மூடி எப்படி ஆடும், எல்லாம். "சத்தம் மாறினா ஓடிடு. தலைவரு கூப்பிட்டாலும் கம்பெனிக்காரன் கூப்பிட்டாலும் நிக்காதே. உங்க மாமியாரு கூப்பிட்டாலும் நிக்காதே"ன்னேன். பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி தலையாட்டிட்டுப் போனான்.

இதையெல்லாம் யாருகிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. இந்த ஊருல என் கூடப் பேசற ஆளு இல்ல. யோசிச்சுப் பாத்தா, அந்த உலைல என்ன நடந்துச்சுன்னு முழுசாத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்.

வர ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல வரேன். சோப்பு வேணுமா, துணி வேணுமா, என்ன வேணுமோ எழுது, கொண்டு வரேன். மன்னிப்பு மட்டும் கேக்காதே ஹப்சாரி. அது என்கிட்ட இல்ல. தேடிப் பாத்துட்டேன்.

லஸ்த்ரி